பத்து நிமிடத்தில் ஒரு மாவட்டத்தின் மழை

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் காலை ஒன்பதரை மணிக்கு ஆட்சியர் அலுவலகத்தில் ஆய்வுக் கூட்டம் இருக்கும். அதன் முதல் பத்து நிமிடம் என்னுடையது. இன்று வானிலை எப்படி, அடுத்த இரண்டு நாளில் என்ன வரப்போகிறது என்று சொல்லிவிட்டு நான் உட்கார வேண்டும். எதிரே நீர்வளத்துறைப் பொறியாளர்கள், மின்வாரியம், நெடுஞ்சாலை, மீன்வளம், வேளாண்மை, சுகாதாரம், தாசில்தார்கள் எல்லாரும் இருப்பார்கள். வெளியூரில் இருப்பவர்கள் காணொலியில் வருவார்கள். கூட்டம் முடிந்ததும் எல்லாருக்கும் கிளம்ப வேண்டிய இடம் ஒன்று இருக்கும்.

நான் கடலூர் மாவட்டத்தில் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் ஒப்பந்தப் பணியில் இருக்கிறேன். படித்தது இயற்பியல். வானிலையைப் பிறகுதான் கற்றேன், இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன். இந்தத் துறைக்கு வர ஆசைப்படும் மாணவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: எந்த மாடலைப் பார்க்கிறீர்கள், எந்த வெப்சைட்? மாடல் என்றால் இன்றைய வானத்தை வைத்து வரும் நாட்களின் வானிலையைக் கணக்கிடும் கணினி நிரல். எதைப் பார்க்கிறேன் என்று சொல்வது சுலபம். ஆனால் அந்த அறையில் பேசுவதற்கு என்னைத் தயார் செய்வது அது மட்டும் கிடையாது. மீதி வேலையைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எச்சரிக்கை வெளியிடுவது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பொறுப்பு. மஞ்சளா, ஆரஞ்சா, சிவப்பா என்பதைச் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம்தான் சொல்லும். அந்த நிறத்தை நான் மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. கடலூருக்கு ஆரஞ்சு என்று வந்தால், அந்த ஆரஞ்சு காட்டுமன்னார்கோவிலில் என்னவாக இருக்கும், பண்ருட்டியில் என்னவாக இருக்கும், எத்தனை மணிக்கு இருக்கும் என்று சொல்வதுதான் என் வேலை.

காலை நாலரை மணிக்கு எழுந்துவிடுவேன். முதலில் மாடல் எதையும் திறப்பதில்லை. செயற்கைக்கோள் படம், ராடார், பிறகு தரையில் பதிவான காற்று. இந்த வரிசையை நான் மாற்றுவதே இல்லை. மாடலை முதலில் பார்த்துவிட்டால் கண் அது சொன்னதையே மேகத்தில் தேட ஆரம்பித்துவிடும். வானத்தில் இப்போது என்ன இருக்கிறது என்பது மனதில் பதிந்த பிறகுதான் மாடல் சொல்வதைக் கேட்கலாம்.

இன்சாட் படத்தை இரவில் அகச்சிவப்பில்தான் பார்க்க முடியும். அது காட்டுவது மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை. வெள்ளை வெளேரென்று கடலூர் மேல் விரிந்து கிடக்கும், கீழே ஒரு சொட்டு மழை இருக்காது. கடலில் எழும்பிய இடிமேகத்தின் உச்சி காற்றில் இழுபட்டுக் கரைக்கு மேல் பரவியிருக்கும், அவ்வளவுதான். அதனால் உடனே ராடாருக்குப் போவேன். எங்களுக்கு இரண்டு ராடார் உதவும். காரைக்கால் ராடார் கடலூரிலிருந்து சுமார் 90 கி.மீ., சென்னை ராடார் சுமார் 160 கி.மீ. இந்தத் தூரம் முக்கியம். பூமி வளைவதாலும் கதிர் சற்று மேல் நோக்கிச் செல்வதாலும், சென்னை ராடாரின் மிகத் தாழ்வான கதிரே கடலூருக்கு வரும்போது தரையிலிருந்து கிட்டத்தட்ட 3 கி.மீ. உயரத்தில் போகும். வடகிழக்குப் பருவமழையில் நல்ல மழை கொட்டும் மேகம் பல நேரம் உயரம் குறைவானது. கதிர் அதன் தலைக்கு மேலேயே போய்விடலாம். காரைக்கால் ராடாரின் கதிர் ஒன்றே கால் கி.மீ. உயரத்தில் பார்க்கிறது. ஆகவே எங்கள் ஊர் மழைக்கு நான் முதலில் நம்புவது காரைக்கால்தான். சென்னைப் படத்தில் லேசான மழைக்கான பச்சையாகத் தெரிவது சிதம்பரத்தில் குடை பிடிக்க முடியாத மழையாக இருக்கலாம்.

அதற்கப்புறம்தான் மாடல்கள். இங்கேயும் மணியைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். நாளுக்கு நான்கு முறை ஓடுகிறது. ஐரோப்பிய மாடலில் எல்லாரும் எதிர்பார்த்துக் காத்திருப்பது நம் நேரப்படி காலை 5.30, மாலை 5.30 நிலவரத்தை வைத்து ஓடுபவை. காலை 5.30 நிலவரத்தில் ஓடியது கைக்கு வர நண்பகல் நெருங்கிவிடும். அதாவது ஒன்பதரை மணிக் கூட்டத்தில் நான் காட்டும் ஐரோப்பிய மாடல் முந்தின நாள் மாலையின் வானத்தை வைத்துக் கணக்குப் போட்டது. நடுவில் ஒரு முழு இரவு கடந்துவிட்டது. அந்த இரவில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி நகர்ந்திருந்தால் கணக்கும் நகர்ந்திருக்க வேண்டும். மாடல் சொன்ன இடத்தில்தான் சுழற்சி இருக்கிறதா என்று விடியற்காலைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு எழுதுவேன்.

எட்டரை மணிக்கு மழைமானி. நாடு முழுக்க 24 மணி நேர மழை காலை 8.30-க்குத்தான் அளக்கப்படுகிறது. ஒன்பது மணிக்குள் பட்டியல் வந்துவிடும்: பரங்கிப்பேட்டை, சேத்தியாத்தோப்பு, கொத்தவாச்சேரி, லால்பேட்டை, வேப்பூர், தொழுதூர், கீழச்செருவாய், ஸ்ரீமுஷ்ணம், வானமாதேவி, இப்படி. எனக்கு மிகப் பிடித்த நேரம் இது. கடற்கரையில் 9 செ.மீ., முப்பது கி.மீ. உள்ளே 1 செ.மீ. என்று வரும்போது, இரவு முழுக்கத் திரையில் பார்த்த மேகம் எங்கே நின்றது, எங்கே கரைந்தது என்பது அந்த எண்களில் தெரியும். யாரோ ஒருவர் மழையில் நனைந்துபோய் அளவு ஜாடியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் படித்துச் சொன்ன எண் அது. அதை அலட்சியமாக வாசிக்க எனக்கு மனம் வராது.

சரி, இவ்வளவையும் வைத்துக்கொண்டு என்ன சொல்வது?

கடலூரின் மழையை முன்கணித்தால் கடலூரின் வெள்ளத்தை முன்கணித்ததாக ஆகாது. இது இங்கே வேலைக்கு வரும் யாரும் முதல் வாரத்திலேயே புரிந்துகொள்ள வேண்டியது. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று ஊர் ஊராகச் சுற்றிவரும் ஆறுகள் எங்கள் மாவட்டத்தில்தான் கடலில் சேர்கின்றன. தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, திருக்கோவிலூர் எல்லாம் தாண்டி இங்கே வருகிறது. மணிமுக்தாற்றுக்குக் கல்வராயன் மலை. கொள்ளிடத்துக்கோ குடகு மலையே காரணமாகலாம். ஆகஸ்டில் இங்கே வெயில் கொளுத்தும்போது, மேட்டூர் நிரம்பி வழிந்ததால் திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் மக்கள் படகில் ஏறியிருக்கிறார்கள்.

2024-இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. எல்லார் பார்வையும் கடற்கரை மீதுதான் இருந்தது. கரை ஏறிய புயல் நகராமல் அங்கேயே நின்றுவிட்டது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.-க்கு மேல் மழை. பிறகு வலுவிழந்து மேற்கே போனது. புயல் போய்விட்டது என்று பலரும் மூச்சு விட்ட நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. அந்த நீர் தென்பெண்ணையில் சேர்ந்தது. டிசம்பர் 2 விடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் அதிகமாகத் தண்ணீர் திறக்க வேண்டி வந்தது. விழுப்புரத்திலும் கடலூரிலும் ஆற்றங்கரைக் குடியிருப்புகளுக்குள் தண்ணீர் புகுந்தது. காற்று ஓய்ந்து, மழை குறைந்து, வானம் வெளுத்த பிறகு வந்த வெள்ளம்.

அதனால் என் ஸ்லைடில் மாவட்ட எல்லையோடு வரைபடம் முடியாது. கிருஷ்ணகிரி முதல் கடல் வரை ஆற்றுப் படுகை முழுவதும் இருக்கும். மேலே பெய்யப்போவது ஒரு நிறத்தில், இங்கே பெய்யப்போவது இன்னொரு நிறத்தில். ஒரு அதிகாரி, "நம்ம மாவட்டம் மட்டும் போதும்மா, படம் சின்னதா இருக்கு" என்றார். நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று படத்தில் விரலை வைத்து மேலே மேலே போய்க் காட்டினேன். அப்புறம் அவரே ஊத்தங்கரை மழை எவ்வளவு என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். புயல் என்று பெயர் சூட்டப்பட்டால்தான் எல்லாரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்ற படிகள் காற்றின் வேகத்தை வைத்து வந்தவை. மணிக்கு 62 கி.மீ.-ஐத் தாண்டினால் புயல். மழைக்கும் இந்தப் படிக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று வந்த 'தானே' ஓர் அதிதீவிரப் புயல். காற்றால் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போயின. ஆனால் 2015 நவம்பர் 9-ஆம் தேதி வந்தது பெயரில்லாத ஆழ்ந்த தாழ்வு மண்டலம்தான். நெய்வேலியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை. விசூர், பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை பெருகி மனிதர்களை அடித்துச் சென்றது. அடுத்த மாதமே தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்து சென்னை மூழ்கியபோதும் புயல் எதுவும் இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானதே, அதற்குக் காரணம் குமரிக்கடல் பகுதியில் இருந்த ஒரு மேலடுக்குச் சுழற்சி. தாழ்வு மண்டலம் என்ற நிலையைக்கூட அது எட்டவில்லை.

ஆகவே கூட்டத்தில் யாராவது "புயலா மாறுமா மேடம்?" என்று கேட்டால், காற்றுக்கு ஒரு பதில், மழைக்கு ஒரு பதில் என்று இரண்டாகப் பிரித்துத்தான் சொல்வேன். மின்வாரியப் பொறியாளருக்கும் மீன்வளத்துறைக்கும் முதல் பதில் தேவை. நீர்வளத்துறைக்கு இரண்டாவது. ஒரே பதிலாகச் சொன்னால் யாரோ ஒருவர் தவறான ஆறுதலோடு வீட்டுக்குப் போவார்.

இனி அந்தப் பத்து நிமிடம்.

முதல் ஸ்லைடு நேற்றுச் சொன்னதும் இன்று நடந்ததும். இடப்பக்கம் நேற்றைய கணிப்பு, வலப்பக்கம் காலை எட்டரை மணி மழைமானி. ஒரு நிமிடம்தான் ஆகும். பொருந்தியதையும் காட்டுவேன், பொருந்தாததையும் காட்டுவேன். இதைப் பார்த்துவிட்டு என் கணிப்பை எவ்வளவு நம்பலாம் என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். நம்பச் சொல்லி நான் கேட்பதைவிட இது நேர்மையானது.

இரண்டாவது ஸ்லைடில் மூன்றே வரிகள். இன்று மாலை வரை. இன்று இரவு. நாளை. ஒவ்வொன்றிலும் எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு. சமஅழுத்தக் கோடு கிடையாது, மாடலின் வண்ணப்படம் கிடையாது. ஊதா நிறத்தில் ஒரு புள்ளி குறிஞ்சிப்பாடி மேல் இருந்தால், குறிஞ்சிப்பாடியில் 20 செ.மீ. பெய்யும் என்று வாக்குக் கொடுத்ததாகவே ஆகிவிடும். அடுத்த முறை மாடல் ஓடும்போது அந்த ஊதா மயிலாடுதுறைக்குப் போயிருக்கும். அந்தப் படம் என் மேஜையோடு நிற்க வேண்டியது.

மணியைச் சொல்வதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நாளைக்குக் கனமழை என்றால் எந்தப் பொறியாளருக்கும் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை என்றால் மணல் மூட்டையும் ஜேசிபியும் எட்டு மணிக்குள் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் கடலோரத்துக்கு இது ஓரளவு சொல்லக்கூடியதுதான். கடலில் உருவாகும் மேகக் கூட்டம் நள்ளிரவுக்குமேல் கரை ஏறி, விடியற்காலையில் உச்சத்தை அடைந்து, வெயில் ஏறினதும் அடங்குவது அடிக்கடி நடப்பது. எப்போதும் அப்படி இல்லை, ஆனால் அடிக்கடி.

அளவைச் சொல்லும்போதும் அப்படியே. 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிகக் கனமழை, 21-உம் அதற்கு மேலும் அதிகனமழை. இவை எல்லாம் 24 மணி நேரத்துக்கு உரியவை. 10 செ.மீ. ஒரு நாள் முழுக்கப் பெய்தால் நெல்வயல் குடித்துக்கொள்ளும். அதே 10 செ.மீ. மூன்று மணி நேரத்தில் கடலூர் பேருந்து நிலையத்துப் பக்கம் கொட்டினால் முழங்கால் தண்ணீர். நகராட்சி, மாநகராட்சி ஆட்களுக்கு மணிக்கணக்கும், ஏரிப் பொறியாளருக்கு நாள்கணக்கும் தனித்தனியாகச் சொல்வேன். அப்புறம் அறிக்கையில் வரும் "ஓரிரு இடங்களில்" என்பது. கேட்பவர்களுக்கு அது சின்ன விஷயம் போலத் தோன்றும். மாவட்டத்து மழைமானிகளில் கால்வாசி வரைக்கும் என்பது அதன் பொருள். அந்தக் கால்வாசியில் நெய்வேலி மேல்நிலமும் பரவனாறும் வந்துவிட்டால் கல்குணம் பக்கத்து வயல்கள் போய்விடும். அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது ஸ்லைடுதான் எனக்கு முக்கியமானது. மேலே ஒரு தலைப்பு மட்டும்: இப்படி நடக்காவிட்டால்?

முதல் கணிப்பு தவறினால் அடுத்து எது நடக்க வாய்ப்பு அதிகம், அப்போது யாருக்குப் பாதிப்பு, அது நடக்கப்போகிறது என்பதற்கு முதல் அறிகுறி என்ன. உதாரணமாக: சுழற்சி டெல்டா பக்கம் போகும் என்று நினைக்கிறோம், நமக்கு 5 செ.மீ. ஒருவேளை வடக்கே ஏறினால் 15 செ.மீ. மாலை ஆறு மணிக்குள் நம் கரையில் காற்று வடகிழக்கிலிருந்து கிழக்குக்குத் திரும்பி வலுத்தால் இரண்டாவது கணக்குக்கு மாறிக்கொள்ளுங்கள். ஐரோப்பிய மாடல் ஒரே ஒரு கணக்கை மட்டும் போடுவதில்லை. தொடக்க நிலவரத்தைச் சற்றே மாற்றி மாற்றி 51 முறை ஓட்டிப் பார்க்கிறது. அதில் பெரும்பாலானவை ஒரே பக்கம் போனால் நம்பிக்கை அதிகம் என்று சொல்வேன். சிதறினால் குறைவு என்று சொல்வேன், ஏன் என்பதையும் ஒரு வரியில் சொல்வேன்.

மூத்த பொறியாளர் ஒருவருக்கு இது முதலில் பிடிக்கவில்லை.

"வருமா வராதா, ஒரே வார்த்தைல சொல்லும்மா."

"வரும் சார். நைட்டு பத்துக்கு மேல வரும். எவ்வளவுங்கறதுலதான் ரெண்டு பதில் இருக்கு."

"ரெண்டு பதிலை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

நியாயமான கேள்வி. அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தோம். அவருக்கு வேண்டியது மழையின் அளவுகூட இல்லை. வீராணம் ஏரியின் முழு மட்டம் 47.50 அடி. மட்டம் 46.80-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று இரவே வெளியேற்றிக் குறைக்க வேண்டுமா, வைத்திருக்கலாமா? குறைத்துவிட்டு மழை ஏமாற்றினால் சுமார் 45 ஆயிரம் ஏக்கர் பாசனத்துக்கும் சென்னைக் குடிநீருக்கும் போக வேண்டிய தண்ணீர் கடலுக்குப் போனதாகிவிடும். குறைக்காமல் மழை கொட்டினால் ஒரே மூச்சில் அதிகமாகத் திறக்க வேண்டி வந்து, வெள்ளியங்கால் ஓடைக் கரையில் இருப்பவர்களின் வயல் மூழ்கும். ஏரிக்கு மழைநீர் வருவது செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை வழியாக. அந்த மழை பெய்வது அரியலூர் மாவட்டத்தில், ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம். எனவே அவருக்கு நான் சொல்ல வேண்டியது காட்டுமன்னார்கோவில் மழையை அல்ல, ஜெயங்கொண்டம் மழையை. அங்கே எத்தனை செ.மீ.-க்கு மேல் போனால் அவருக்குச் சிரமம் என்பதை அவர் சொல்கிறார். அந்த அளவைத் தாண்ட எவ்வளவு வாய்ப்பு என்பதை நான் சொல்கிறேன். முடிவு அவருடையது. இரண்டு பதில் இருப்பது அவருக்கு இப்போது இடைஞ்சலாக இல்லை. இரண்டாவது பதிலுக்குத்தான் முதலில் ஆள் நிறுத்துகிறார்.

இதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்தது. பருவமழைக்கு முன்பு, செப்டம்பரிலேயே, ஒவ்வொரு துறையிலும் போய் உட்கார்ந்து கேட்பேன். எந்த அளவு தாண்டினால் உங்களுக்குப் பிரச்சினை? எத்தனை மணி நேரம் முன்னால் தெரிந்தால் போதும்? மின்வாரியத்தில் காற்றின் வேகத்தைச் சொன்னார்கள், அதோடு காற்று எந்த நேரம் ஓயும் என்பதும் வேண்டும் என்றார்கள். ஓய்ந்த பிறகுதானே கம்பத்தில் ஆள் ஏற முடியும். சுகாதாரத் துறையில் பிரசவத் தேதி நெருங்கியவர்களை ஆற்றுக்கு அக்கரையிலிருந்து முன்கூட்டியே அழைத்து வர ஒரு முழுப் பகல் வேண்டும் என்றார்கள். அந்த ஒரு பகல் என் மனதில் எப்போதும் இருக்கும். சாலை மூழ்கும் நேரத்தைச் சொல்வதோடு என் வேலை முடியாது, அதற்கு ஒரு பகல் முந்தியே சொல்ல வேண்டும்.

பள்ளி விடுமுறை பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ரமணன் சார் தொலைக்காட்சியில் பேசிய காலத்திலிருந்தே தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு வானிலை அறிக்கை என்றால் விடுமுறைதான். முடிவு ஆட்சியருடையது. ஆனால் விடியற்காலை ஐந்தரைக்கு எனக்கு போன் வரும். அந்த நேரத்தில் ராடாரில் தெரியும் மழைப்பட்டை ஏழரை முதல் ஒன்பது வரை எங்கே இருக்கும் என்பதுதான் கேள்வி, ஏனென்றால் பிள்ளைகள் சாலையில் இருக்கும் நேரம் அது. விடுமுறை விட்டபின் பத்து மணிக்கு வெயில் அடித்தால் ஊர் முழுக்கப் பேசுவார்கள். பேசட்டும். எட்டு மணிக்குச் சாலையோர வாய்க்கால் எது, சாலை எது என்று தெரியாமல் தண்ணீர் ஓடியதை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

2024 அக்டோபரில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் காரை வரிசையாக நிறுத்தினார்கள். தாழ்வு மண்டலம் சென்னைக்குச் சற்று வடக்கே ஒதுங்கிக் கரை கடந்தது. அக்டோபர் 16 அன்று எதிர்பார்த்த பெருமழை சென்னையில் பெய்யவில்லை. அதை வைத்து நிறையக் கேலி வந்தது. எனக்கு வருத்தமாக இருந்தது. சிவப்பு என்றால் நடவடிக்கை எடுங்கள் என்று அர்த்தம், இவ்வளவு மழை கட்டாயம் பெய்யும் என்ற உறுதிமொழி அல்ல. ஐம்பது, அறுபது கி.மீ. விலகல் வங்கக்கடலில் ஒன்றுமே இல்லை, ஆனால் ஒரு நகரத்துக்கு அது எல்லாமே. காரை ஏற்றி நிறுத்தியவர்கள் செய்தது சரியான காரியம். கேலிக்குப் பயந்து அடுத்த முறை எச்சரிக்கையைக் கொஞ்சம் மென்மையாகச் சொல்லலாமா என்று முன்கணிப்பவர் யாருக்காவது தோன்றிவிட்டால், அதுதான் உண்மையான ஆபத்து.

அலுவலகக் கூட்டத்துக்கு வெளியே எனக்கு இன்னொரு கூட்டம் உண்டு. தேவனாம்பட்டினம், தாழங்குடா, ராசாப்பேட்டை மீனவர்களுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவேன். மணிக்கு 45 முதல் 55 கி.மீ., இடையிடையே 65 கி.மீ. வேகத்தில் சூறாவளிக் காற்று என்று அறிக்கையில் வருவதை அப்படியே முதலில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் கரையில் வைத்துச் சொன்னார், "யம்மா, கிலோமீட்டரெல்லாம் இருக்கட்டும். வாடையா கொண்டலா? படகு திரும்பி வர்றப்ப முகத்துவாரம் ஏற முடியுமா, அதைச் சொல்லு."

அதில் எல்லாமே இருந்தது. வடக்கிலிருந்து அடிக்கும் வாடையில் கரையை ஒட்டியே வந்துவிடலாம். கிழக்கிலிருந்து கொண்டல் அடித்தால் அலை நேராக முகத்துவாரத்தில் உடையும். அந்த நேரம் கடல் வற்றி, ஆற்று வெள்ளம் வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் எதிரெதிராக மோதி அலை செங்குத்தாக எழும். ஃபைபர் படகு கவிழ்வது நடுக்கடலில் மட்டும் இல்லை, வீடு கண்ணுக்குத் தெரியும் தூரத்திலும்தான். இப்போது என் குரல் பதிவில் காற்றின் திசை அவர்கள் பெயரில் வரும், ஏற்ற வற்ற நேரம் வரும், எத்தனை மணிக்குள் முகத்துவாரம் ஏறிவிட வேண்டும் என்பது வரும். கடலுக்குப் போக வேண்டாம் என்று துறை எச்சரித்த நாளில் இதெல்லாம் கிடையாது, போக வேண்டாம் என்பது மட்டும்தான். அந்த நாளில் விளக்கம் கூடக்கூட, போகலாம் என்பதற்கு யாராவது ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பேசும் விதம் பற்றியும் கொஞ்சம். எழுதி வைத்துப் படிக்க மாட்டேன், ஆனால் முதல் இரண்டு வாக்கியத்தை எழுதி மனப்பாடம் செய்துவிடுவேன். பதற்றமான நாளில் தொடக்கம் உறுதியாக இருந்தால் மீதி தானாக வரும். "வாய்ப்புள்ளது", "எதிர்பார்க்கப்படுகிறது" என்று ஒவ்வொரு வரியையும் முடித்தால் கேட்பவர்களுக்கு எல்லாமே ஒரே எடையில் தெரியும். நிச்சயமானதை நிச்சயமாகவே சொல்வேன், ஐயமுள்ளதை மட்டும் ஐயமாகச் சொல்வேன். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. அதைச் சொல்லாவிட்டால் நடுவில் ஐம்பது பேர் போன் செய்வார்கள். சொல்லிவிட்டால் அந்த மணி வரை அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

இந்தப் பருவத்தில் ஒரு மாற்றம் செய்யப்போகிறோம். மழை இரவில் வருகிறது, விளக்கமோ காலையில் நடக்கிறது. நண்பகலில் வரும் புதிய ஐரோப்பிய மாடல், சென்னை மையத்தின் பிற்பகல் அறிக்கை இரண்டையும் பார்த்த பிறகு, மாலை ஐந்து மணிக்கு இன்னொரு விளக்கம். இதில் துறைத் தலைவர்கள் இருக்க வேண்டியதில்லை. தென்பெண்ணை, பரவனாறு, கொள்ளிடக் கரைக் கிராம நிர்வாக அலுவலர்களும் பேரிடர் நேரத்தில் ஊரில் முதலில் உதவிக்கு வரும் முதல்நிலைப் பொறுப்பாளர்களும் மட்டும், போனில், ஐந்து நிமிடம். இன்று இரவு உங்கள் ஊரில் இத்தனை மணிக்கு இப்படி, மேலே அணையில் இந்த நிலை, முகாமின் சாவி யாரிடம் இருக்கிறது என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். சாவி பற்றிய வரியைச் சேர்க்கச் சொன்னது ஒரு கிராம உதவியாளர். பள்ளிக்கூடத்துச் சாவி தலைமையாசிரியரிடம், தலைமையாசிரியர் வெளியூரில், நள்ளிரவில் மக்கள் மழையில் நிற்பதைப் பார்த்திருக்கிறாராம். ஐந்து மணி அழைப்பில் முதல் கேள்வியாக அதையே வைத்திருக்கிறேன்.